காற்று வலுக்கும்போது: அலைக்கடலில் ஒற்றையாள் பாய்ப்படகு

இந்த நூலில் இதுவரை சொன்னதெல்லாம் 10 நாட்டுக்கு உட்பட்ட காற்றுக்கு. அந்தக் காற்றில் நீங்கள் தப்பாகச் செய்தாலும் படகு பொறுத்துக்கொள்ளும். 15 நாட்டைத் தாண்டினால் பொறுக்காது. பாயின் மேல் விழும் விசை, காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் காரணம். காற்று 10 நாட்டிலிருந்து 20 நாட்டுக்கு ஏறினால் விசை நான்கு மடங்காகிறது. 14இலிருந்து 20க்குப் போனாலே இரண்டு மடங்கு. அதை எதிர்த்துச் சாய்ந்து உட்காரும் உங்கள் எடையோ அதே எடைதான்.

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கையில் காற்றுமானி இல்லையென்றால் கடலைப் பார்த்தே கணிக்கலாம். அலைத்தலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 10 நாட் பக்கம். திரும்பிய இடமெல்லாம் நுரை என்றால் 17ஐத் தாண்டிவிட்டது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் 15க்கும் 22க்கும் இடைப்பட்ட காற்றைப் பற்றியது. அதற்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நூல் தேவைப்படாது.

பலத்த காற்றில் தனியாக ஓட்டுகிறவரின் முதல் வேலை, வேண்டாத விசையைக் கொட்டிவிடுவது. இந்த அத்தியாயத்தில் வரும் கயிறு, சுக்கான், உடம்பு எல்லாவற்றின் பேச்சும் அதைச் சுற்றியே இருக்கும். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தக் காற்றில் அது தானாகவே வரும்.

எடுத்துக்காட்டுக்கு இல்கா படகையே வைத்துக்கொள்கிறேன். பழைய ஆட்கள் இன்றும் லேசர் என்றுதான் சொல்வார்கள். பெயர் மாறியது 2019இல். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி வரைந்த இந்தப் படகு 1971இல் விற்பனைக்கு வந்தது. நீளம் 4.2 மீட்டர், வெற்றுடலின் எடை 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த உடலைத்தான். விஷ்ணு சரவணன் ஓட்டியதும் அதே உடல், பாய் மட்டும் பெரியது. வேறு ஒற்றையாள் படகு வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

கரையில் எடுக்க வேண்டிய முடிவுகள்

காற்று எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்தப் பக்கத்திலிருந்து என்று கேளுங்கள். சென்னைக் கரையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும். நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோ கடல்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். தரைக்காற்று நாளில் கரையோரம் தண்ணீர் தட்டையாக, அழைப்பது மாதிரி இருக்கும். அலை எழும்பக் காற்றுக்கு அங்கே தூரம் போதாது, அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனதும் அதே காற்று அலையோடு சேர்ந்து அடிக்கும். அங்கே கயிறு அறுந்தாலோ சுக்கான் உடைந்தாலோ படகு போகும் திசை வங்கக்கடல். கடல்காற்று நாளில் கரையோரமே முரட்டுத்தனமாகத் தெரியும், கிளம்பவே தயக்கம் வரும். ஆனால் உடைந்த படகை அது கரைக்குக் கொண்டுவந்துவிடும். புதியவர்கள் இந்த இரண்டையும் தலைகீழாக மதிப்பிடுவதை எல்லாக் கிளப்பிலும் பார்க்கலாம். பலத்த காற்றில் பழக விரும்பினால் கடல்காற்று நாளைத் தேர்ந்தெடுங்கள். கரை மணலாக இருக்கிறதா, கல் கொட்டிய தடுப்பா என்பதையும் பார்த்துவையுங்கள். கல் தடுப்பு என்றால் கடல்காற்றும் நண்பன் இல்லை. போதாததற்கு, சுவரில் மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு முட்டி, தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் குதிக்கும். துறைமுக வாயைத் தாண்டும்போது சுவரைவிட்டு நன்றாக விலகிப் போங்கள்.

கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் சாயங்காலம் மேற்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். அங்கே கருமேகம் கட்டி உயர்ந்தால் யோசிக்காமல் திரும்பிவிட வேண்டும். இடிமழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று சில நிமிடங்களில் திசையைப் புரட்டிப்போட்டு, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்.

அடுத்தது பாயின் அளவு. இல்காவில் ஒரே உடலுக்கு மூன்று பாய்கள்: இல்கா 7க்கு 7.06 சதுர மீட்டர், இல்கா 6க்கு 5.76, இல்கா 4க்கு 4.70. பாயோடு மாஸ்டின் (பாய்மரத்தின்) கீழ்த்துண்டும் மாறும். கணக்குப் போட்டால், 20 நாட் காற்றில் இல்கா 4 தாங்கும் விசை, 16 நாட் சொச்சத்தில் இல்கா 7 தாங்கும் விசைக்குச் சமம். பாய் உயரமும் குறைவதால் சாய்க்கும் பலம் இன்னும் குறையும். சிறிய பாய் பிள்ளைகளுக்கு என்று ஒரு வீம்பு பல கிளப்புகளில் உண்டு. 80 கிலோ ஆள் இல்கா 6இல் ஏறி 20 நாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிக் கற்றுக்கொள்வதில், பாதிகூட 7இல் கிடைக்காது. அங்கே பாதி நேரம் தண்ணீரில் கிடப்பார். கிளப்பில் சிறிய பாய் இல்லையென்றால், பூமை (பாயின் அடியில் கிடக்கும் கழியை) மாட்டுவதற்கு முன் மாஸ்டைச் சுழற்றிப் பாயை அதன் மேல் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். வடிவம் கெடும், ஆனாலும் கைகொடுக்கும்.

பிறகு நான்கு சின்னச் சாமான்கள். படகின் பின்பலகையில் உள்ள அடைப்பான் இறுகியிருக்கிறதா? நடுவே நீருக்குள் இறங்கும் டாகர்போர்டுப் பலகையை உடலோடு பிணைக்கும் எலாஸ்டிக் கயிறு பிசுபிசுத்துப் போகாமல் இருக்கிறதா? படகு தலைகுப்புறக் கவிழும்போது அந்தப் பலகை நழுவி விழுந்துவிட்டால் நிமிர்த்துவதற்குப் பிடி எதுவும் மிஞ்சாது. மாஸ்ட் கழன்று வராமல் கட்டும் கயிறு இருக்கிறதா? சுக்கானைத் தடுத்து நிறுத்தும் கிளிப் தன் இடத்தில் பாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா? கால்பட்டையின் கயிற்றைத் தனியாகச் சொல்கிறேன். அதன் முடிச்சை உப்பும் வெயிலும் அரித்திருக்கும், பார்த்தால் தெரியாது. இரண்டு காலையும் அதில் மாட்டி முழு எடையோடு கரையிலேயே ஒரு முறை தொங்கிப் பாருங்கள். அறுவதானால் மணலில் அறட்டும்.

மிதவைச் சட்டை 50 நியூட்டன் வகையாவது வேண்டும். போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து யாராவது மேலே தூக்கினால் சட்டை காதுவரை ஏறக்கூடாது. விசில், கையுறை, கட்டிவைத்த தண்ணீர் பாட்டில். நம் கடலில் குளிர் ஆளைக் கொல்வதில்லை, வெயிலும் தாகமும்தான் தளர்த்தும். கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.

பாயை அடக்கும் மூன்று கயிறுகள்

பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் கயிறுதான் இந்தக் காற்றில் தலைவன். மெயின்ஷீட்டை (பாயை உள்ளே இழுக்கும் கயிற்றை) கப்பிகள் முட்டும்வரை இழுங்கள், வேங்கின் தொய்வை எடுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கள். மாஸ்ட் வளையும், பாய் தட்டையாகும். இதனால் வரும் பெரிய ஆதாயம் வேறு: ஷீட்டை விடும்போது பூம் மேலே எழும்பாமல் நேராகப் பக்கவாட்டில் போகும். வேங் தொளதொளவென்று இருந்தால் ஷீட்டை விட்டதும் பாய் உப்பிக்கொள்ளும்; விசை குறையாமல் கூடும்.

பாயின் முன்விளிம்பை இறுக்கும் கன்னிங்ஹாமை வலுவாகக் கீழே இழுங்கள். பாயின் முன்விளிம்பில் சுருக்கங்கள் மறைந்து நெடுக்காக ஒரு மடிப்பு விழும்வரை போகலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். பாயின் வயிறு முன்னுக்கு நகர்ந்து, மேல்பகுதி திறந்து, தலைக்காற்றை வழியவிடும். பாயின் பின்மூலையைப் பூம் நுனிக்கு இழுக்கும் அவுட்ஹாலைப் பற்றி ஒரே ஒரு வரி: தட்டைத் தண்ணீராக இருந்தால் இறுக்குங்கள், அலை இருந்தால் பூமுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கை நுழைய இடம் விடுங்கள். அலையில் முட்டி நின்ற படகை மறுபடி கிளப்ப அந்தக் கொஞ்ச வயிறு தேவை.

எதிர்க்காற்றில் ஏறுவது

படகு தட்டையாக இருக்க வேண்டும். சாய்ந்த படகின் சுக்கான் பாதி காற்றில் இருக்கும். உடலின் ஒரு பக்கம் மட்டும் நீரில் அழுந்துவதால் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். நீங்கள் டில்லரை (சுக்கானின் கைப்பிடியை) உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சுக்கான் ஒரு பிரேக். டில்லரில் கை வலித்தால் கைக்குப் பலம் போதவில்லை என்று நினைக்காதீர்கள்; படகு சாய்ந்திருக்கிறது, ஷீட்டை விடுங்கள்.

காற்றடி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். காற்று வரும் பக்கம் நீர்ப்பரப்பில் கருமையான திட்டு ஒன்று சிறுசிறு நெளிவுகளோடு நகர்ந்து வரும். அது நான்கைந்து படகு நீளத் தூரத்தில் இருக்கும்போதே உடம்பை முழுக்க வெளியே கொண்டுபோய்விடுங்கள். அது தொடும் கணத்தில் ஷீட்டை ஒரு சாண் விடுங்கள். பூம் பின்மூலையிலிருந்து வெளியே நகரும், படகு சாய்வதற்குப் பதில் முன்னால் பாயும். பாய்ந்ததும் விட்ட ஷீட்டை உள்ளே இழுங்கள். விடு, சாய், இழு. ஒரு காற்றடிக்கு இது மூன்று நான்கு முறைகூட நடக்கும். சாய்ந்த பிறகு ஷீட்டை விட்டால் பயன் பாதிதான். தட்டையான படகு 5 டிகிரி சாய்வதற்குள் விட்டால் ஒரு சாண் போதும். 20 டிகிரி சாய்ந்தபின் ஒரு முழம் விட்டும் நிமிராது, பூம் நுனி தண்ணீரைத் தொட்டுவிடும், அதற்கு மேல் விட இடமும் இருக்காது.

பயிற்சிப் படகிலிருந்து கேட்கும் கத்தலில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும்:

“ஷீட்டை விடுப்பா! விடு! விட்டுட்டு உக்காரு!”

“விட்டா நின்னுடுமே, சார்!”

“நிக்காது. இப்ப விட்டதுக்கு என்ன ஆச்சு? ஓடுது இல்ல?”

ஷீட்டைக் கையை விட்டுக் கிளீட்டில் பூட்டிவைப்பது இந்தக் காற்றில் வேண்டாம். விரல்கள் எரியும், முன்கை இறுகும், உண்மைதான். கயிற்றைத் தொடையின் குறுக்கே போட்டு, டில்லர் பிடித்த கையின் விரல்களால் ஒரு கணம் அழுத்தி, மறுகையால் அடுத்த பிடி எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் எரிச்சல் பாதியாகும்.

இனி அலை. ஆழ்கடலில் அலையின் வேகத்தை நாட்டில் சொல்ல வேண்டுமானால், இரண்டு முகடுகளுக்கு இடையே ஆகும் நொடிகளை மூன்றால் பெருக்குங்கள். எட்டு நொடிக்கு ஒன்றாக வரும் தூரத்து அலை 24 நாட்டில் ஓடுகிறது. உள்ளூர்க் காற்று எழுப்பும் நான்கு நொடி அலை 12 நாட்டில். நீளமான அலை படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். தொந்தரவு தருவது அதன் மேல் ஏறி வரும் குட்டை அலைதான். நான்கு நொடி அலையின் முகடுகளுக்கு இடையே சுமார் 25 மீட்டர். மூன்று நொடி என்றால் 14 மீட்டர்தான். 4.2 மீட்டர் படகு அதில் ஏறி இறங்க மூச்சுவிட நேரமில்லை.

அலையின் முகத்தில் மூக்கு ஏறத் தொடங்கும்போது டில்லரைக் கொஞ்சம் தள்ளிக் காற்றை நோக்கி ஏறுங்கள், தோள்களைப் பின்னால் கொண்டுபோங்கள். மூக்கு லேசாகி எழும்பும். முகட்டைத் தாண்டும் கணத்தில் டில்லரை உங்கள் பக்கம் இழுத்து மூக்கை விலக்கி, தோள்களை முன்னால் எறியுங்கள். மூக்கு டமாலென்று விழாமல் அலையின் முதுகில் வழுக்கி இறங்கும். டமால் என்று கேட்டால் நீங்கள் தாமதம். ஒவ்வொரு டமாலுக்கும் படகு ஒரு நாட்டையாவது இழக்கிறது, பின்னால் வரும் அலை நின்ற படகைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முதல் நாள் இது பத்துக்கு இரண்டு அலையில் சரியாக வந்தால் நல்லதே. குட்டை அலை மிக நெருக்கமாக இருந்தால் சுக்கானை ஒவ்வொரு அலைக்கும் ஆட்ட முடியாது. உடம்பை மட்டும் ஆட்டுங்கள்.

காற்றுக்கு மிக நெருக்கமாக ஏறும் ஆசை வேண்டாம். தட்டைத் தண்ணீரில் ஏறும் கோணத்தைவிடச் சில டிகிரி விலகியே ஓட்டுங்கள். அலையை உடைத்துப் போக வேகம் வேண்டும். காற்று சட்டென்று குறையும்போது வெளியே தொங்கிக்கொண்டே இருந்தால் படகு உங்கள் மேலேயே கவிழும். அதனால் காற்றடியைப் பார்ப்பதுபோலக் காற்றுத் தணிவையும் பாருங்கள். கருமை விலகி நீர் வெளிறும் இடம் அது.

திசை மாற்றுவது, மாட்டிக்கொண்டால் மீள்வது

டேக் செய்ய, அதாவது மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்பிப் பக்கம் மாற, தட்டையான இடம் தேடுங்கள். மூன்று பெரிய அலை போனபின் பெரும்பாலும் ஓர் இடைவெளி வரும். நல்ல வேகத்தோடு, மூக்கு முகட்டில் ஏறும்போது திருப்பத் தொடங்கினால், உச்சியில் படகின் நடுப்பகுதி மட்டுமே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்; சுலபமாகச் சுழலும். பள்ளத்தில் தொடங்கினால் அடுத்த அலை மூக்கைப் பழைய பக்கமே தள்ளிவிடும். வேங் இறுகியிருப்பதால் பூம் மிகத் தாழ்வாக இருக்கும். அதனடியில் நுழைய, குனிந்தால் போதாது, ஏறக்குறைய மண்டியிட வேண்டும். திருப்பத்துக்குச் சற்று முன் ஷீட்டைக் கொஞ்சம் விட்டால் இடம் கிடைக்கும். புதிய பக்கம் வந்ததும் ஷீட்டை முழுக்க இழுத்துவிடாதீர்கள். வேகம் ஏறும்வரை கொஞ்சம் தளர்ந்தே இருக்கட்டும்.

காற்றுக்கு நேரே மூக்கு நின்று, படகு பின்னோக்கி நகரத் தொடங்கினால் பதறி டில்லரை ஆட்ட வேண்டாம். பூமை உங்களைவிட்டு அப்பால் தள்ளுங்கள், டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னால் நகர்ந்துகொண்டே திரும்பும். காற்று உங்கள் பக்கத்துக்கு வந்ததும் டில்லரையும் ஷீட்டையும் உங்களிடம் இழுங்கள். தள்ளு தள்ளு, இழு இழு.

காற்றோடு ஓடுவது

ஏறும்போது உழைப்பு, ஓடும்போது பயம் என்பார்கள். சரிதான், ஆனால் இங்கேதான் இந்த விளையாட்டின் சந்தோஷம் முழுக்க இருக்கிறது. திரும்புவதற்கு முன் வேங்கை ஒரு சாண் தளர்த்துங்கள். தளர்த்தாமல் திரும்பினால் பூம் நுனி அலையில் குத்தும், பாய் வெளியே போக வழியின்றிப் படகு அப்படியே மல்லாந்துவிடும். கன்னிங்ஹாமை முழுக்க விடுங்கள். டாகர்போர்டைப் பாதி தூக்கலாம். பூமிலோ வேங்கிலோ இடிக்காத உயரம்தான் எல்லை. உடம்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

நான்கு நொடி அலை 12 நாட்டில் ஓடுகிறது என்றேன். இந்தக் காற்றில் படகும் அதை ஒட்டிய வேகத்தை எட்டும். ஆகவே இந்த அலைகளைப் பிடித்துச் சவாரி செய்யலாம். பின்பக்கம் தூக்கப்படுவதை உணர்ந்ததும் ஷீட்டை ஒரு இழு. படகு முகத்தில் வழுக்கத் தொடங்கும். உடனே நேர் கீழே போகாமல் குறுக்காகத் திருப்புங்கள். நேராகப் போனால் முன்னால் உள்ள அலையின் முதுகில் மூக்கு குத்தும், தளத்தின் மேல் பச்சைத் தண்ணீர் ஓடிவந்து நெஞ்சில் அடிக்கும், படகு நின்றுவிடும், பாயும் காற்றும் நிற்காது. அப்படிக் குத்தப் போகிறது என்று தெரிந்தால் உடம்பைப் பின்மூலைக்கு எறிந்து, முன்னால் உள்ள அலையின் தாழ்ந்த பகுதியைத் தேடித் திரும்புங்கள். எட்டு நொடி அலையைத் துரத்தாதீர்கள். 24 நாட்டில் போகும் அதைப் பிடிக்கவே முடியாது.

காற்றுக்கு நேர் முதுகாக ஓடும்போது படகு இடமும் வலமும் உருளத் தொடங்கும். ஒவ்வொரு உருளலும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காற்று வரும் பக்கமாக, உங்கள் மேலேயே கவிழும். வேங் அதிகமாகத் தளர்ந்திருந்தால் பாயின் மேல்பகுதி மாஸ்டுக்கு முன்னால் முறுக்கிக்கொண்டு மாஸ்டைத் தப்பான பக்கம் தள்ளுவதால் இது நடக்கிறது. இல்காவில் மாஸ்டைத் தாங்கும் பக்கக் கம்பிகள் இல்லை. பூம் 90 டிகிரிக்கு அப்பாலும் போகும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். பூமை 80 டிகிரியோடு நிறுத்துங்கள். உருளல் தொடங்கினால் உடம்பை நடுவுக்குக் கொண்டுவந்து ஷீட்டை இரண்டு கை இழுங்கள். சைக்கிள் விழும் பக்கமே ஹாண்டிலைத் திருப்புவதுபோல, மாஸ்ட் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே மூக்கைத் திருப்புங்கள். படகு மாஸ்டுக்கு அடியில் வந்து நிமிரும். புதியவர்கள் நேர் முதுகாக ஓடவே வேண்டாம். காற்றைத் தோளோரமாக வாங்கிக்கொண்டு குறுக்குநெடுக்காகப் போவது வேகமும் கூட, பத்திரமும் கூட.

காற்றோடு ஓடும்போது பாயை மறுபக்கம் மாற்றும் ஜைப் என்றதும் எல்லோரும் வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். படகு காற்றோடு 10 நாட்டில் ஓடினால் 20 நாட் காற்றில் பாய் உணர்வது 10 நாட்டை மட்டுமே. நின்ற படகில் முழு 20. ஆகவே அலையின் முகத்தில் முழு வேகத்தில் வழுக்கும் கணமே ஜைப்புக்கு நேரம். முதலில் ஷீட்டை இரண்டு கை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொங்கும் கயிறு படகின் பின்மூலையில் மாட்டி, பூம் பாதியில் நின்று, ஆளைக் கவிழ்க்கும்; இல்கா ஓட்டிய எல்லோருக்கும் இது நடந்திருக்கும். பூம் கடக்கும்போது கயிற்றை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டுங்கள். தலையைக் குனியுங்கள். கடந்ததும் படகு காற்றை நோக்கிச் சீறித் திரும்பும். டில்லரை எதிர்ப்பக்கம் கொடுத்து நேராக்குங்கள். தொடங்கிய ஜைப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மனம் ஒப்பவில்லையா? காற்றை நோக்கிச் சுற்றி வந்து டேக் செய்து அதே திசைக்குப் போங்கள். ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான். கோழை ஜைப் என்று கிளப்பில் சிரிப்பார்கள். சிரிப்பவர்களும் 25 நாட்டில் அதைத்தான் செய்கிறார்கள்.

கவிழ்ந்தால்

கவிழ்வீர்கள். இந்தக் காற்றில் கவிழாமல் யாரும் கற்றதில்லை. விழும்போது ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ஷீட் கையில் இருக்கட்டும். ஆள் இல்லாத இல்கா பக்கவாட்டில் மிதந்தாலும் காற்று அதை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்.

ஷீட்டும் வேங்கும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டாகர்போர்டு பக்கம் வாருங்கள். பலகையின் நுனியில் தொங்காமல் உடலோடு சேரும் அடிப்பகுதியில் ஏறி நில்லுங்கள். நுனியில் எடை போட்டு உடைந்த பலகைகள் ஏராளம். மாஸ்ட் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது முக்கியம். அது காற்று வரும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், நிமிரும்போது காற்று பாயின் அடியில் புகுந்து படகை அதே வேகத்தில் மறுபக்கம், உங்கள் தலைமேல் கவிழ்க்கும். இதற்கு இரண்டு வழி. முன்மூக்கைப் பிடித்துக்கொண்டு நீரில் கொஞ்ச நேரம் தொங்கினால் உங்கள் உடம்பே நங்கூரம். படகு சுற்றி மூக்கைக் காற்றுக்குக் காட்டும், பிறகு நிமிர்த்தலாம். மற்றொன்று துணிந்தவர்களுக்கு: டாகர்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகு மறுபக்கம் புரளும்போது அதோடு நீருக்கடியில் போய் மேலே வாருங்கள். இப்போது காற்று வரும் பக்கம் நீங்கள் இருப்பீர்கள், மாஸ்ட் எதிர்ப்பக்கம்.

முழுக்கத் தலைகுப்புறப் போய்விட்டால் விளிம்பில் நின்று, பலகையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து காத்திருங்கள். குதித்துக் குதித்து இழுத்தால் களைப்புதான் மிஞ்சும். நீரைச் சுமந்த பாய் மெதுவாகத்தான் வரும், வரும். ஆழம் குறைந்த இடத்தில் மாஸ்ட் நுனி மணலில் குத்தியிருந்தால் மாஸ்ட் முறியலாம். உதவிப் படகைக் கூப்பிடுங்கள்.

நிமிர்த்தி ஏறியதும் உடனே ஓடாதீர்கள். படகைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, வேங்கை விட்டு, பாயைக் காற்றில் அடிக்கவிட்டு மூச்சு வாங்குங்கள். முடிச்சுகளைப் பாருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

மூன்றாவது முறை கவிழ்ந்து ஏறுவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கியிருக்கும். அந்த நடுக்கம்தான் திரும்பும் நேரத்தைச் சொல்லும் கடிகாரம். களைத்த ஆள் முதலில் இழப்பது கைப்பலத்தை அல்ல, முடிவெடுக்கும் வேகத்தை. காற்றடி வருவது தெரியும், கை தாமதமாக விடும். எதிர்க்காற்றில் ஏறித்தான் வீடு திரும்ப வேண்டும் என்றால், பலத்தில் பாதி மிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். அதனால்தான் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்து ஏறிப் போய், களைத்தபின் காற்றோடு திரும்பும்படி திட்டமிடச் சொல்வது.

எவ்வளவு முயன்றும் நிமிர்த்த முடியவில்லையென்றால் கவிழ்ந்த உடலின் மேல் ஏறி உட்காருங்கள். கரை எத்தனை அருகில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தாதீர்கள். அலைகளுக்கு நடுவே தலை மட்டும் தெரியும் ஆளைத் தேடுவது மீட்பவர்களுக்கு மிகக் கடினம். வெள்ளைப் படகு தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். எந்தக் கடலிலும் அது உதவி கேட்கும் சைகை. கரையில் இருப்பவர் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. இறங்குவதற்கு முன் அந்த எண்ணை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மீட்புப் படகு தண்ணீரில் இல்லாத நாளில், 15 நாட்டுக்கு மேல் தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.